லாபம், ரெண்டு, மூணு

பதரங்குடியில் பதினோரு அரிசி ஆலைகள் இருந்தன, ஒரு ரயில்வே கேட் இருந்தது, எத்தனை மழை பெய்தாலும் கழுவிக்கொண்டு போகாத தவிட்டு வாசனை இருந்தது, ஆனால் ஒன்று என்கிற எண் மட்டும் இல்லை. ஒரு டீ குடிக்கலாம், ஒரு முழம் பூ வாங்கலாம், ஒரே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு அவளிடமே ஆயுள் முழுக்கத் திட்டு வாங்கலாம், அதற்கெல்லாம் தடையில்லை. எதையாவது எண்ணத் தொடங்கினால்தான் சிக்கல். எடுத்ததும் வெறுமனே ஒன்று என்று சொல்லக் கூடாது. நெல் அளக்கிறவர் முதல் மரக்காலைச் சாய்க்கும்போது 'லாபம்' என்பார், அடுத்ததுக்குத்தான் 'ரெண்டு', அதற்கடுத்து 'மூணு'. களத்தில் தொடங்கிய இந்தப் பழக்கம் மூட்டைக்கு வந்து, மூட்டையிலிருந்து இறங்கி ஊருக்குள் நடந்து, பஸ் கண்டக்டரின் வாய்க்குள் புகுந்து, கடைசியில் காய்ச்சல்காரன் கையைப் பிடித்து நாடி பார்க்கிற டாக்டர்கூட 'லாபம், ரெண்டு, மூணு' என்று முணுமுணுக்கிற அளவுக்கு வந்துவிட்டது. அவர் வேறு ஜில்லாக்காரர். வந்த மூன்றாம் மாதமே அப்படி ஆகிவிட்டார்.

எப்சிபா டீச்சர் அப்படி ஆகவில்லை. நாகர்கோவில் பக்கத்திலிருந்து மாறுதலில், ஒரு டிரங்குப் பெட்டியும் கறுப்புக் குடையுமாக வந்து இறங்கியவர். மீனாம்பிகை மில்லின் உலர்களத்துக்குப் பின்னால் இருந்த பால்வாடிதான் அவருக்கு. ரெண்டு வயதிலிருந்து அஞ்சு வயதுவரை இருபத்து நாலு பிள்ளைகள். அம்மாமார் களத்தில் புழுங்கல் நெல்லைக் காலால் தள்ளித் தள்ளிக் காயவைத்துக்கொண்டிருப்பார்கள், பிள்ளைகள் உள்ளே பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார்கள். எழுதிப் பழக மணல் கிடையாது, தவிடுதான் கிடைக்கும். முறத்தில் தவிட்டைப் பரப்பி, விரலால் எழுதி, தப்பாகப் போனால் முறத்தை ஒரு தட்டுத் தட்டி அழித்துக்கொள்வார்கள்.

முதல் நாள் டீச்சர் முறத்தை மடியில் வைத்து, ஆள்காட்டி விரலால் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்துக் கேட்டார்.

"இது என்ன மக்களே?"

இருபத்து நாலு பேரும் ஒரே தொண்டையாகச் சொன்னார்கள்: "லாபம்!"

டீச்சர் சிரித்தார். மறுநாள் கேட்டார், அதே பதில். மூன்றாம் நாள் சிரிப்பு வரவில்லை. பால்வாடி ஆயா தையல்நாயகி, அடுப்பில் பருப்பைக் கிண்டிக்கொண்டே சொன்னாள், "இங்க அப்படித்தாங்க டீச்சர்."

"பெரிய பள்ளிக்கூடத்துல போய் இப்படிச் சொன்னா சிரிக்க மாட்டாங்களா?"

"பெரிய பள்ளிக்கூடத்து எட்மாஸ்டரே இப்படித்தான் சொல்லுவாரு. பிரேயர்ல வரிசை எண்ணும்போது கேட்டுப் பாருங்க."

"இந்த ஊரோட உலகம் முடிஞ்சிருமா தையல்? நாளைக்கு இதுங்க வேற ஊருக்குப் போகும். பேந்தப் பேந்த முழிக்கும். நான் விட மாட்டேன்."

டீச்சருக்குக் கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை. அடிக்கவும் மாட்டார், அதட்டவும் மாட்டார். லாபம் என்று சொன்ன பிள்ளையின் வாயில் ஒரு பொட்டுக்கடலையை வைத்து, "ஒண்ணு" என்று சொல்லவைத்து, சொன்னபிறகு இன்னொரு பொட்டுக்கடலை கொடுப்பார். பொட்டுக்கடலைக்கு முன்னால் எந்தப் பழக்கம் நின்றிருக்கிறது? பத்தே நாளில் இருபத்து மூன்று பிள்ளைகளும் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று கணீரென்று எண்ணின. ஒரு பிள்ளை மட்டும் எண்ணவில்லை. அவள் பூவரசி. வயது மூன்றரை, எப்போதும் வரிசையில் கடைசி, செருப்பை எப்போதும் கால் மாற்றிப் போட்டிருப்பாள், சரியாக மாட்டிவிட்டால் கழற்றி மறுபடி மாற்றிக்கொள்வாள். உலர்களத்தில் வேலை பார்க்கிற செங்கமலத்தின் மகள்.

"ஏன் மக்களே, நீ மட்டும் சொல்ல மாட்டேங்கிறே?" ஒரு பிள்ளையைக் கூப்பிட்டாலும் டீச்சர் ஊரில் 'மக்களே'தான்.

பூவரசி முறத்தில் இருந்த கோட்டை ரொம்ப நேரம் பார்த்தாள். "ஒண்ணுன்னா அது தனியா நிக்குது டீச்சர். பயமா இருக்கும்ல அதுக்கு?"

"லாபம்னா?"

"லாபம்னா கூட வரும்."

"என்ன கூட வரும்?"

அது பூவரசிக்குத் தெரியவில்லை. பொட்டுக்கடலையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

அந்த வாரம் புதன்கிழமைதான் முதல் முட்டை குறைந்தது. வாரத்தில் மூன்று நாள் பிள்ளைகளுக்கு முட்டை. தையல்நாயகி இருபத்து நாலு முட்டையை அவித்துத் தட்டில் அடுக்கிவைத்தாள், பிள்ளைகள் பழகட்டும் என்று டீச்சர் அவர்களையே எண்ணவிட்டார். ஒண்ணில் தொடங்கி ஒவ்வொரு முட்டையாகத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்து இருபத்து மூன்றில் நின்றார்கள். தட்டில் அதற்குமேல் முட்டை இல்லை. டீச்சர் எண்ணினார், இருபத்து மூன்று. ஆயா அடுப்புக்குள்ளே பார்த்தாள், பானைக்குள்ளே பார்த்தாள், பிள்ளைகளின் கால்சட்டைப் பைகளைப் பார்த்தாள். வரிசையின் கடைசியில் நின்ற பூவரசியின் தட்டில் அன்றைக்கு முட்டை இல்லை. அவள் அழவில்லை. "எனக்கு நாளைக்கு," என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள். பக்கத்தில் இருந்த தர்ஷித் தன் முட்டையைப் பிட்டு, மஞ்சளைத் தான் வைத்துக்கொண்டு, வெள்ளையை அவளுக்குக் கொடுத்தான். முட்டை குறைந்தது அன்றோடு நிற்கவில்லை, வெள்ளிக்கிழமையும் குறைந்தது, திங்கள்கிழமையும் குறைந்தது.

இதுவரை பால்வாடியோடு போயிற்று. ஆனால் பிள்ளைகள் சாயங்காலம் வீட்டுக்குப் போவார்கள் அல்லவா? போனார்கள், போய் அப்பா அம்மாவைத் திருத்தினார்கள். மீனாம்பிகை மில்லில் சுமைக்காரர்களுக்கு மேஸ்திரியான பக்கிரிசாமி, மூட்டைக்குக் கொக்கி போட்டபடி 'லாபம்' என்று தொடங்க, தோளில் உட்கார்ந்திருந்த அவர் மகள் காதைப் பிடித்துத் திருகினாள். "அப்பா, தப்பு! ஒண்ணு!" மேஸ்திரிக்கு நெஞ்சு இரண்டு விரற்கடை விரிந்துபோயிற்று. என் மகள் படித்துவிட்டாள் என்று அக்கம்பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "ஒண்ணு!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினார். அன்றைக்கு லாரியில் ஏறியது ஒரு மூட்டை குறைவு. களத்திலும் இல்லை, கிடங்கிலும் இல்லை, லாரியிலும் இல்லை, வழியில் சிந்தின சுவடும் இல்லை.

இப்படி வீட்டுக்கு வீடு பிள்ளைகள் திருத்தத் திருத்த, வீட்டுக்கு வீடு குறைந்துகொண்டே வந்தது. பெருமாள் கோயில் படிக்கட்டை ஒரு பயல் ஒண்ணு ரெண்டு என்று எண்ணிக்கொண்டே ஏற, பதினெட்டுப் படியில் ஒரு படி போய், அதற்கப்புறம் பட்டாச்சாரியார் நைவேத்தியப் பாத்திரத்தோடு கடைசியில் ஒரு எட்டு எம்பித்தான் உள்ளே போகவேண்டியிருந்தது. தையல்காரர் சட்டைக்குச் சட்டை ஒரு பொத்தானைப் பறிகொடுத்தார், அவரும் பார்த்தார், கழுத்துப் பொத்தானை யார் போடுகிறார்கள் என்று அதை அப்படியே பேஷனாக்கிவிட்டார். பதரங்குடி கிரிக்கெட் அணி பத்துப் பேரோடு ஆடி, ஆள் குறைவாக இருந்ததால் ஒற்றுமை கூடி, பக்கத்து ஊரை ஜெயித்தது. காணாமல் போன பதினோராவது ஆட்டக்காரன் மறுநாள் காலையில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தான், எங்கேடா போனாய் என்று கேட்டதற்கு, "தெரியல, நல்லாத் தூங்கினேன்," என்றான். திரும்பி வந்தது அவன் ஒருத்தன்தான். அவன் எந்த மாட்ச்சிலும் ரன் எடுத்தவன் இல்லை என்பதால் யாரும் அதற்குமேல் துருவவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று பதரங்குடியில் யாரும் கேட்கவில்லை. காரணம் எல்லாருக்கும் தெரியும். டீச்சரிடம் போய்ச் சொன்னால் முடிந்தது. ஆனால் யார் சொல்வது? தன்னந்தனியாக அத்தனை தூரம் வந்த மனுஷி, பிள்ளைகளின் மூக்கைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிடுகிறவர், தன் கைக்காசு போட்டுப் பொட்டுக்கடலை வாங்குகிறவர். அவரிடம் போய், நீங்கள் சொல்லிக்கொடுத்தது எங்கள் ஊருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது?

"பாவம், மனசு வருத்தப்படும்," என்றார் பக்கிரிசாமி மேஸ்திரி. "ஒரு மூட்டை போனா என்ன, ஊர் முழுகியா போச்சு?"

"மூட்டை எங்க மொதலாளியோடது. உனக்கென்ன," என்றார் மில் கணக்கப்பிள்ளை.

"அதாங்க நானும் சொல்றேன்."

ஆகவே ஊர் எண்ணுவதையே நிறுத்திவிட்டது. வாழைக்காய்க்காரி கை நிறைய அள்ளிப் போட்டாள், வாங்குகிறவள் முகம் மலர்ந்ததும் போடுவதை நிறுத்தினாள். கோயிலைச் சுற்றுகிறவர்கள் முழங்கால் போதும் என்கிறவரை சுற்றினார்கள். கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டால், பாயசம் தீர்ந்துபோகிற அளவுக்கு வந்தார்கள் என்று பதில் வந்தது. வயது கேட்டால் யாரும் சொல்லவில்லை, அதிலே பெண்களுக்கு ரொம்பச் சௌகரியம். ஊர் இதற்கு முன்னால் அத்தனை நிம்மதியாக இருந்ததில்லை என்றுகூடச் சிலர் பேசிக்கொண்டார்கள்.

ஒரே ஒரு கட்டுப்பாடு மட்டும் பேசாமலே ஏற்பட்டது. உலர்களத்துப் பெண்கள் நெல்லைத் தள்ளிக்கொண்டே முடிவுசெய்தது அது. பிள்ளைகளை யாரும் எண்ணக் கூடாது. பேரைச் சொல்லிக் கூப்பிடலாம், தலையைத் தடவலாம், எண்ணக் கூடாது. செங்கமலம் அதைத் தையல்நாயகியிடம் சொன்னாள், தையல்நாயகி டீச்சரிடம், கண் பட்டுவிடும் என்று பயப்படுகிறார்கள் என்று சுற்றிவளைத்துச் சொன்னாள். டீச்சரும் வருகையைப் பேர் சொல்லியே எடுத்தார்.

அவருக்குப் புரியாமல் இல்லை. மூன்று மாதமாகத் தட்டில் இருபத்து மூன்று. பிள்ளைகளை விட்டுவிட்டு அவரே முட்டையை எண்ணி அடுக்கினாலும் இருபத்து மூன்று. மூன்று மாதமாகப் பூவரசி, "எனக்கு நாளைக்கு," என்று சொல்கிறாள், பிள்ளைகள் முறைபோட்டு வெள்ளையைப் பிட்டுக் கொடுக்கிறார்கள், மஞ்சளை ஒருத்தரும் கொடுப்பதில்லை. ஒரு நாள் டீச்சர் கடையில் சொந்தமாக இன்னொரு முட்டை வாங்கிவந்து இருபத்து ஐந்தாக வைத்தார். எண்ணினால் இருபத்து நாலு இருந்தது, அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஆனால் அதிலே ஒன்று அழுகல், அது பூவரசிக்குப் போயிற்று. அன்று மத்தியானம் பிள்ளைகள் தூங்கும்போது டீச்சர் முறத்தில் ஒரு கோடு இழுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் சொல்லிக்கொடுத்தது தப்பு என்று மூன்று வயதுப் பிள்ளைகளிடம் சொல்வதைவிடக் கஷ்டமான காரியம் இந்த உலகத்தில் கிடையாது. முறத்தைத் தட்டிவிட்டு எழுந்துபோனார்.

அப்படியே இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும், அதிகாரி வராமல் இருந்திருந்தால்.

சீனிவாசகம் என்று பேர், ஜீப்பில் வந்தார், அது ஒரு புதன்கிழமை. நல்ல மனிதர்தான், வெயிலில் வந்த எரிச்சல், அவ்வளவுதான். பதிவேட்டைப் புரட்டினார். "இருபத்து நாலு பிள்ளைங்கன்னு இருக்கு. எல்லாரையும் வெளியே வரிசையா நிக்க வையுங்க. எண்ணிப் பார்க்கணும்."

"பேர் சொல்லிக் கூப்பிடட்டுமா சார்?"

"பேரை யாரும்மா பார்த்தா? தலையை எண்ணணும்."

பிள்ளைகளை உலர்களத்து ஓரத்தில் நிறுத்தினார்கள். களத்தில் நெல் தள்ளிக்கொண்டிருந்த பெண்களின் கால்கள் ஒவ்வொன்றாக நின்றன. மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையோடு நின்றார்கள். செங்கமலம் கால் நிறைய உமியோடு ஓடிவந்தாள்.

"டீச்சர், எண்ண வேணாம்னு சொல்லுங்க. உங்க காலைப் பிடிச்சுக்கிறேன், எம் பொண்ணு கடைசியில நிக்கிறா."

"சார், ஒரு நிமிஷம்…" என்று டீச்சர் ஆரம்பிப்பதற்குள் அதிகாரி பேனாவை நீட்டிவிட்டார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு…"

ஒவ்வொரு தலையாகப் பேனா தாண்டித் தாண்டிப் போயிற்று, பக்கிரிசாமி மகளின் ரிப்பன் தலை, எண்ணெய் வழிகிற தலை, மொட்டைத் தலை, தர்ஷித்தின் தலை. "இருபத்து ரெண்டு, இருபத்து மூணு," என்று சொல்லிப் பேனாவை மூடினார். "இருபத்து மூணுதாம்மா இருக்கு. இன்னொண்ணு எங்கே?"

தர்ஷித்துக்குப் பக்கத்தில் தரையில் ஒரு ஜோடிச் சின்னச் செருப்பு இருந்தது. இடதும் வலதும் மாறி இருந்தது.

செங்கமலம் கத்தவில்லை. அந்தச் செருப்பையும் பார்க்கவில்லை. நேராக எப்சிபா டீச்சரைத்தான் பார்த்தாள். களத்தில் இருந்த அத்தனை பேரும் டீச்சரைத்தான் பார்த்தார்கள், இன்னமும் ஒருத்தர்கூட, உன்னால்தான் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் டீச்சருக்கு லேசாக இருந்திருக்கும்.

"இல்லாத பிள்ளைக்கு முட்டையும் மாவும் வாங்கறீங்களா?" என்றார் அதிகாரி.

"இருக்கா சார். நீங்க எண்ணினது சரியில்ல."

"இருபத்து மூணு வரைக்கும் எண்ணத் தெரியாதா எனக்கு?"

"ஆரம்பம் சரியில்ல சார்."

டீச்சர் குடையைக் கீழே போட்டார். வரிசையின் முதல் பிள்ளைக்கு முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்தார். அது பக்கிரிசாமியின் மகள், அவளுக்குத்தான் எல்லாரையும் திருத்துகிற வாய்.

"மக்களே, டீச்சர் உங்களுக்கு ஒண்ணைத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்."

"பரவால்ல டீச்சர்," என்றாள் அவள்.

டீச்சர் அவள் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்தார். மூன்று மாதமாக அவர் வாயில் நுழையாத சொல் கொஞ்சம் தட்டுத் தடுமாறித்தான் வந்தது.

"லாபம்."

களத்தில் ஒரு பெருமூச்சு கிளம்பி, காய்ந்த நெல்லின்மேல் அலைபோலப் போயிற்று. அடுத்த தலையில் கை வைத்தார். "ரெண்டு" என்று சொன்னது அவர் மட்டுமில்லை, பிள்ளையும் சொன்னது. "மூணு" என்றபோது தையல்நாயகியும் சேர்ந்தாள், ஆறில் உலர்களத்துப் பெண்கள் சேர்ந்தார்கள், பத்தில் சுமைக்காரர்கள் முதுகில் மூட்டையோடு சேர்ந்தார்கள், பதினைந்தில் மில்லுக்குள் மிஷினை நிறுத்திவிட்டு வந்தவர்கள் சேர்ந்தார்கள், ரயில்வே கேட்டில் நின்றிருந்த பஸ்ஸிலிருந்து கண்டக்டர் சேர்ந்தார், நாடி பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் காய்ச்சல்காரனின் கையைப் பிடித்தபடியே வந்து சேர்ந்தார். எண்ணிக்கை மூன்று மாதமாகக் கிடைக்காத சாப்பாட்டைச் சாப்பிடுகிற மாதிரி ஒவ்வொரு வாயாக ஏறி இறங்கி இருபத்து மூன்றுக்கு வந்தது, தர்ஷித்தின் தலையைத் தாண்டியது. டீச்சரின் கை வெறும் காற்றில் நீண்டு, அங்கே ஒரு தலை இருக்க வேண்டிய உயரத்தில் இறங்கியது.

"இருபத்து நாலு."

கைக்குக் கீழே முடி இருந்தது. வெயிலில் சூடேறிய, வேப்பெண்ணெய் வாசனை அடிக்கிற முடி. பூவரசி தன் செருப்பில் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"டீச்சர், இன்னிக்கு எனக்கா?"

செங்கமலம் ஓடிவந்து மகளைத் தூக்கி, நாலு அடி அடித்து, நாற்பது முத்தம் கொடுத்தாள். எண்ணியது யார் என்று கேட்காதீர்கள், எண்ணியவர்கள் இருந்தார்கள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பதிவேட்டைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பார்த்ததைக் கேட்டால் எழுத வேண்டிவரும், எழுதினால் மேலே பதில் சொல்ல வேண்டிவரும் என்று தெரிந்த அனுபவஸ்தர் என்பதால், வேறொன்றைக் கேட்டார்.

"அது என்னம்மா, லாபம்?"

எப்சிபா டீச்சர் குடையை எடுத்துத் தூசி தட்டினார்.

"எங்க ஊர்ல முதல்ல அப்படித்தான் சார் சொல்லுவோம்."

'எங்க ஊர்' என்றதும் பக்கிரிசாமி மேஸ்திரி முதுகில் இருந்த மூட்டையைத் தொப்பென்று கீழே போட்டார்.

அன்றைக்குத் தட்டில் இருபத்து நாலு முட்டை இருந்தது. பூவரசி தன் முட்டையை ரொம்ப நேரம் கையில் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, மஞ்சளை மொத்தமாகத் தின்றாள், வெள்ளையைத் தர்ஷித்துக்குக் கொடுத்தாள். இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தாய் என்று தையல்நாயகி கேட்டாள்.

"தண்ணி வச்சிட்டு வந்தேன்."

"யாருக்குடி?"

"கோழிங்களுக்கு. தண்ணியே இல்லாம கெடந்துச்சுங்க."

பிள்ளை பேச்சு என்று விட்டுவிட்டார்கள். மறுநாள் காலை தையல்நாயகி பால்வாடிப் பூட்டைத் திறந்தபோது, சத்துமாவு மூட்டைக்குப் பின்னாலிருந்து மஞ்சளும் சாம்பலுமாகக் கோழிகள் வரிசையாக நடந்துவந்தன, சின்னது முன்னால், மூன்று மாதத்துக் கோழி பின்னால். அவித்த முட்டை குஞ்சு பொரிக்காது என்பது எனக்கும் தெரியும். பதரங்குடியில் யாரும் அந்தக் கோழிகளிடம் அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதே காலையில் பெருமாள் கோயில் படி திரும்பி வந்திருந்தது, இல்லாத படிக்கு எம்பிப் பழகிய பட்டாச்சாரியார் தடுக்கி விழுந்து முழங்காலில் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டார்.

அன்று எழுத்து வேளையில் டீச்சர் பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லிக்கொடுத்தார். வெளியூரில் கேட்டால் ஒண்ணு, நம்ம ஊரில் எண்ணினால் லாபம், எழுதுவது இரண்டுக்கும் ஒரே கோடு. பிள்ளைகள் ஒருமுறை கேட்டதும் பிடித்துக்கொண்டன, பெரியவர்களுக்குத்தான் இரண்டு நாள் ஆயிற்று. பூவரசியும் முறத்தில் தவிட்டைப் பரப்பி, நாக்கை வெளியே நீட்டி, மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தாள். இழுத்துவிட்டு அதற்குப் பக்கத்தில் என்னவோ சின்னதாகச் சுழித்தாள்.

"கோடு அழகா இருக்கு மக்களே. இது என்ன பக்கத்துல?"

"கோழிக்குஞ்சு."

"அது எதுக்கு?"

"கூட வந்துச்சு டீச்சர்."

டீச்சர் தவிட்டில் 'சரி' என்று விரலால் ஒரு குறி போட்டார், குறியின் வால் குஞ்சின்மேல் பட்டுவிடாமல் கொஞ்சம் வளைத்து.